ஏழைகளின் ஊட்டி

சேலம் மாவட்டம் சேர்வராயன் மலையிலுள்ள ஏற்காட்டின் பட்டப்பெயர். உயரம் சுமார் 1,500 மீட்டர்; சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் இங்கே காப்பியும் பேரிக்காயும் பயிரிடச் செய்தார். வெள்ளையர் பங்களாக்களும் பள்ளிகளும் பின்னால் வந்தன. ஓய்வுக்காலத்தைக் கழிக்க வருவோரை இன்றும் இழுப்பது மலையின் குளிர்தான். குடியேறிய பிறகே மற்றவை தெரியவரும்: கோடைவிழா நெரிசல், வெயில் மாதத் தண்ணீர்த் தட்டுப்பாடு, பெரிய சிகிச்சை என்றால் சேலத்துக்கு இறங்கவேண்டிய நிலை. மேட்டூர் அலுமினிய ஆலைக்காக பாக்சைட் வெட்டியெடுத்த வடுக்களை மனை விற்பவர்கள் காட்டுவதில்லை. மலையின் மூத்த குடிகளான மலையாளிகள் (கேரளத்தவர் அல்லர்) இந்த ஓய்வுக்காலக் கனவில் சேராதவர்கள். அவர்களில் பலருக்குத் தோட்டக் கூலியே பிழைப்பு.