யார் முன்னால்? எங்கே? யாருடைய மூச்சு?
புகை மரியாதை குறித்துச் சில வரலாற்றுக் குறிப்புகள்

1

சில வருஷங்களுக்கு முன் திருநெல்வேலிப் பக்கம் ஒரு கல்யாணம். பந்தி முடிந்து மண்டபத்தின் பின்வாசலில், கை கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில், நாற்காலிகளைப் போட்டு ஆண்கள் சிலர் உட்கார்ந்திருந்தோம். வெளிநாட்டில் வேலை பார்த்துவிட்டு லீவில் வந்திருந்த உறவுக்காரப் பையன் சட்டைப் பையிலிருந்து பேனா மாதிரி ஒன்றை எடுத்து வாயில் வைத்து இழுத்தான். மாம்பழ வாசனையோடு வெள்ளையாக ஒரு மேகம் எழும்பிற்று. பக்கத்திலிருந்த எண்பது வயதுத் தாத்தா கேட்டார்: "என்னடே, மூக்கடைப்புக்கு ஆவி பிடிக்கியா?" "ஆமா தாத்தா" என்றான் அவன். எல்லோரும் சிரித்தோம்.

தாத்தாவுக்குக் கோபம் வரவில்லை. கோபப்படுவதற்கு அவருக்குப் பழக்கமான அடையாளம் எதுவும் அதில் இல்லை. நெருப்பு இல்லை, சாம்பல் இல்லை, பீடி நாற்றம் இல்லை. அதே பையன் அதே நாற்காலியில் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்திருந்தால் கதையே வேறு. 'பெரிய மனுஷன் உட்கார்ந்திருக்கேன், என்ன துணிச்சல்' என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்து போயிருப்பார்.

இ-சிகரெட்டைப் பொது இடத்தில் எப்படிப் பயன்படுத்துவது என்பதற்கு மேலை நாடுகளில் ஒரு நாசூக்கு இலக்கணமே உருவாகியிருக்கிறது. பக்கத்திலிருப்பவரிடம் கேட்டுவிட்டு இழு. முகத்துக்கு நேராக ஊதாதே. குழந்தைகள் இருக்கும் இடத்தில் வேண்டாம். மூடிய அறையில் பெரிய மேகம் விடாதே. கேட்கிறபோது நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த இலக்கணம் யாரை மனதில் வைத்து எழுதப்பட்டது, யாரை விட்டுவிட்டது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டுமானால், இதற்கு முன்பிருந்த புகை மரியாதைகளின் வரலாற்றுக்குள் கொஞ்சம் போய்வர வேண்டியிருக்கிறது.

2

புகையிலைக்கு எதிரான பழைய தடைகள் பலவற்றிலும் உடல்நலம் என்பது மையமான பேச்சாக இருக்கவில்லை. ஆட்டமான் சுல்தான் நான்காம் முராத் 1633இல் தடைவிதித்து, மீறியவர்களுக்கு மரண தண்டனை என்றார். அரசனின் ஆணைக்கு அடங்கிய உடல் எது, அடங்காத உடல் எது என்று பிரித்துக் காட்டும் ஒரு குறியாகப் புகை இருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் இது இன்னும் தெளிவாகத் தெரிகிறது. பெர்லின் தெருக்களில் புகைபிடிக்கக் கூடாது என்றிருந்த தடை 1848 மார்ச் புரட்சியின்போதுதான் நீங்கியது. அரசியல் சட்டம், பத்திரிகைச் சுதந்திரம் என்று பெரிய கோரிக்கைகள் முழங்கிய அதே நாட்களில் தெருவில் நின்று புகைவிடும் உரிமையும் கிடைத்தது. இதைச் சில்லறை விஷயம் என்று தள்ளிவிட முடியாது. தெரு யாருடையது என்கிற கேள்வி அதற்குள் இருந்தது.

அதே 1848இல் மிலான் நகரத்தில் நடந்தது இதற்குத் தலைகீழ். மிலான் அப்போது ஆஸ்திரியப் பேரரசின் பிடியில் இருந்தது. புகையிலை அரசின் ஏகபோகம்; அதன் வருமானம் ஆள்பவனுக்குப் போனது. ஜனவரி 1 முதல் நகரத்து மக்கள் புகைப்பதை நிறுத்தினார்கள். ஜனவரி 3 அன்று ஆஸ்திரியச் சிப்பாய்கள் வாயில் சுருட்டோடு தெருவில் இறங்கி, மக்கள் முகத்துக்கு நேராகப் புகைவிட்டுத் திரிந்தார்கள். கைகலப்பு மூண்டது, உயிர்கள் போயின. பெர்லினில் புகைப்பது எதிர்ப்பு என்றால் மிலானில் புகைக்காதது எதிர்ப்பு. இரண்டு இடத்திலும் கேள்வி ஒன்றுதான்: யார், யார் முன்னால்?

பெண்கள் விஷயத்துக்கு வந்தால், நியூயார்க் நகர மன்றம் 1908 ஜனவரியில் சல்லிவன் ஆணை என்று ஒன்றை நிறைவேற்றியது. பொது இடங்களை நடத்துகிறவர்கள் அங்கே பெண்களைப் புகைக்க விடக்கூடாது என்றது அது. ஆணை கட்டுப்படுத்தியது கடைக்காரரை. ஆனால் மறுநாளே கைதானவர் கேட்டி மல்கேஹி என்ற பெண். ஐந்து டாலர் அபராதம் போட்டார்கள், கட்டாததால் சிறை. இரண்டே வாரத்தில் மேயர் அந்த ஆணையை ரத்துச்செய்தார். அடுத்த இருபது வருஷங்களில் சந்தை விழித்துக்கொண்டது. 1929இல் ஈஸ்டர் ஞாயிறன்று எட்வர்ட் பெர்னேஸ் என்ற விளம்பர மூளை, அமெரிக்கப் புகையிலைக் கம்பெனிக்காக இளம்பெண்களை நியூயார்க்கின் ஐந்தாம் அவென்யூவில் சிகரெட்டோடு நடக்கவிட்டார். சிகரெட்டுக்கு 'சுதந்திரத்தின் தீப்பந்தங்கள்' என்று பெயர். மரியாதையை மீறுகிற ஆசையைக்கூடப் பெட்டியில் அடைத்து விற்கலாம் என்று அன்று தெரிந்துபோயிற்று.

நோர்பர்ட் எலியாஸ் 1939இல் வெளிவந்த தன் நூலில், ஐரோப்பிய நாசூக்குகளின் நெடிய வரலாற்றை எழுதினார். சாப்பாட்டு மேசையில் துப்பக்கூடாது, மூக்கைச் சிந்தக்கூடாது என்ற விதிகளுக்குச் சுகாதாரக் காரணம் பிற்பாடு வந்து சேர்ந்தது. முதலில் வந்தது மேலிருப்பவர் முன்னால் கீழிருப்பவர் எப்படி நடக்க வேண்டும் என்ற கூச்சம் என்பது அவர் வாதத்தின் ஒரு இழை. புகைக்கும் இது பொருந்துகிறது. முதலில் கூச்சம், பிறகுதான் நுரையீரல்.

3

நம் ஊருக்கு எலியாஸ் தேவையில்லை, எங்கள் பெரியப்பாவே போதும். தாத்தா தெருமுனையில் வருகிற செருப்புச் சத்தம் கேட்டதும் பெரியப்பா பீடியை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொள்வார். ஒருதரம் அவசரத்தில் மடியில் போட்டு வேட்டி ஓட்டையாகிவிட்டது. தாத்தாவுக்கு எல்லாம் தெரியும். தெரிந்தது மாதிரி அவர் காட்டிக்கொள்ள மாட்டார், தெரியாதது மாதிரி இவரும் நடிப்பார். இந்த நாடகத்துக்குப் பெயர் மரியாதை.

வீட்டுக்குள் வயசு என்றால் ஊருக்குள் சாதி. மேல்சாதிக்காரர் எதிரே வந்தால் தோள் துண்டு இடுப்புக்கு இறங்க வேண்டும், செருப்பு கைக்கு வர வேண்டும், வாயிலிருக்கும் பீடி அணைய வேண்டும். வட இந்தியக் கிராமங்களில் ஒருவரை ஊர்விலக்கம் செய்வதை 'ஹூக்கா-பானி' நிறுத்துவது என்கிறார்கள்; தண்ணீருக்குச் சமமாகப் புகை. யாரோடு சேர்ந்து புகைக்கலாம் என்பதும் யார் முன்னால் புகைக்கக் கூடாது என்பதும் ஒரே அதிகாரத்தின் இரு முகங்கள்.

இதற்கு மாறான ஒரு சின்ன உலகமும் இருந்தது. பெட்டிக்கடையில் தொங்கும் கயிற்றின் நுனியில் கனன்றுகொண்டிருக்கும் நெருப்பு யார் என்று கேட்காது. பஸ் ஸ்டாண்டில் முன்பின் தெரியாத ஒருவரிடம் "அண்ணே, தீப்பெட்டி இருக்கா?" என்று கேட்கலாம். மரியாதையை மீறிய ஒரு சிநேகம் அந்த நெருப்பில் இருந்தது. அந்தச் சிநேகமும் ஆண்களுக்கு இடையிலானது என்பதை மறக்க வேண்டாம். ஹேபர்மாஸ் 1962இல் எழுதிய பொதுவெளியின் வரலாற்றில் வருகிற லண்டன் காப்பிக்கடைகளைப் போலத்தான்: பேச்சு, புகை, ஆண்கள்.

4

'யார் முன்னால்' என்ற கேள்வி 'எங்கே' என்ற கேள்வியாக மாறியது எப்போது? ரயில் இதில் ஒரு முக்கியமான திருப்பம். ஒரு பெட்டிக்குள் அடைபட்டவர்கள் ஒருவருக்கொருவர் அந்நியர்கள். யார் பெரியவர், யார் சிறியவர் என்று தெரியாது. பிரிட்டனில் 1868இல் வந்த ரயில்வே ஒழுங்குமுறைச் சட்டம், புகைப்பவர்களுக்கென்று தனிப் பெட்டி ஒதுக்கச் சொன்னது. மரியாதை இடத்தின் பிரிவினையாக மாறியது. மனிதர்களைப் பார்த்து நடந்துகொள்வதற்குப் பதில் பலகையைப் பார்த்து நடந்துகொள்வது என்றாயிற்று.

மூன்றாவது கேள்வி, 'யாருடைய மூச்சு', வருவதற்கு மேலும் நூறு வருஷம் ஆனது. 1981இல் ஜப்பானிய ஆய்வாளர் தகேஷி ஹிராயமா ஒரு கட்டுரை வெளியிட்டார். புகைக்காத 91,540 மனைவிமார்களைப் பல வருஷம் தொடர்ந்து கவனித்ததில், அதிகம் புகைக்கும் கணவன்மாரின் மனைவிகள் நுரையீரல் புற்றுநோயால் சாவது கூடுதல் என்று தெரிந்தது. புகையிலைக் கம்பெனிகள் அதைக் கடுமையாகத் தாக்கின. பின்னால் வந்த ஆய்வுகள் அந்த முடிவின் பக்கமே நின்றன.

இந்தியாவில் 1999 ஜூலையில் கேரள உயர்நீதிமன்றம், பொது இடத்தில் புகைப்பது மற்றவரின் உயிர்வாழும் உரிமையை, அதாவது அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவை, மீறுகிறது என்றது. 2001 நவம்பர் 2 அன்று முரளி தேவ்ரா வழக்கில் உச்சநீதிமன்றம் மருத்துவமனை, பள்ளி, நூலகம், ரயில் முதலியவற்றில் புகைப்பதைத் தடைசெய்தது. 2003இல் புகையிலைச் சட்டம், 2008 அக்டோபர் 2 முதல் விரிவான விதிகள், 200 ரூபாய் வரை அபராதம்.

இங்கே ஒரு முரணைக் கவனிக்க வேண்டும். மற்றவர் விட்ட புகை கொல்லும் என்பதற்கு முதல் பெரிய சான்றுகளில் ஒன்று வீட்டுக்குள்ளிருந்து, மனைவிகளின் நுரையீரலிலிருந்து வந்தது. அந்தச் சான்றின் பலத்தில் உலகமெங்கும் எழுந்த சட்டங்கள் 'பொது இடம்' என்ற வாசற்படியில் நின்றுவிட்டன. மனைவிமார் கொடுத்த ஆதாரத்தின் பலன் ஹோட்டலில் சாப்பிட வந்தவருக்குக் கிடைத்தது. அந்த மனைவிகள் அதே வீட்டுக்குள்ளேயே இருந்தார்கள்.

5

இந்த இடத்தில்தான் இ-சிகரெட் வந்து சேர்கிறது. சீனாவைச் சேர்ந்த மருந்தாளர் ஹோன் லிக் 2003 வாக்கில் உருவாக்கிய கருவி சில வருஷங்களில் ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் எட்டியது. எரிவது எதுவும் இல்லை. கிளிசரின், புரொப்பிலீன் கிளைக்கால், நிகோட்டின், வாசனை கலந்த திரவத்தை பேட்டரி சூடாக்க, நுண்துளிகள் மேகமாக வெளிவருகின்றன. வெறும் நீராவி இல்லை அது. சிகரெட் புகையைவிட நச்சு வெகுவாகக் குறைவு. பக்கத்திலிருப்பவருக்குச் சுழியம் என்றும் சொல்லிவிட முடியாது.

இங்கிலாந்தில் 2007 ஜூலையில் அமலான தடை 'எரியும்' பொருளைப் பற்றியது. எரியாத இந்தப் பொருள் சட்டத்தின் கையிலிருந்து நழுவி, மறுபடி நாசூக்கின் கையில் விழுந்தது. ரயில் கம்பெனி, மதுக்கடை, அலுவலகம் என்று ஆளாளுக்கு ஒரு விதி. நியூயார்க் நகரம் 2013 முடிவில் புகைக்கும் இதற்கும் ஒரே தடை என்றது. இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்போ 2016இல், இரண்டையும் ஒன்றாகப் பார்க்காதீர்கள், புகையை விட முயல்பவரைப் புகைப்பவர் கூட்டத்துக்கே திருப்பி அனுப்பாதீர்கள் என்று ஆலோசனை சொன்னது. வேல்ஸில் இன்னும் வேடிக்கை. சில பொது இடங்களில் இ-சிகரெட்டைத் தடுக்கும் பிரிவைக் கொண்ட மசோதா 2016 மார்ச்சில் சட்டமன்றத்தில் சமவாக்கில் தோற்றது. ஆதரவு தருவதாக இருந்த கட்சியை ஒரு அமைச்சர் இளக்காரமாகப் பேசிவிட்டதுதான் காரணம். காற்றின் மரியாதை பற்றிய சட்டம் நாக்கின் மரியாதைக் குறைவால் கவிழ்ந்தது.

இந்தக் கருவி பழைய மரியாதைகளின் பிடிமானங்களை எல்லாம் கழற்றிவிடுகிறது. சிகரெட்டுக்கு நீளம் உண்டு, சில நிமிஷத்தில் தீரும். "முடிச்சிட்டு வரேன்" என்று சொல்லலாம். இதற்கு முடிவு இல்லை. அணைப்பது இல்லை, ஆகவே யார் முன்னாலும் அணைக்க வேண்டியதும் இல்லை. கடன் கொடுக்க நெருப்பும் இல்லை. தனி மனிதன், தனி மேகம். எஞ்சுவது 'கேட்டுவிட்டு இழு' என்ற ஒற்றை விதி. அந்த விதி ஒன்றை முன்அனுமானம் செய்கிறது: கேட்கப்படுகிறவர் 'வேண்டாம்' என்று சொல்லக்கூடியவர், சொல்லியும் நடக்கவில்லை என்றால் எழுந்து போகக்கூடியவர். பரிமாறுகிறவர், காவலுக்கு நிற்பவர், கழிப்பறை கழுவுகிறவர் அந்த இலக்கணத்தில் இல்லை.

6

இந்தியாவில் தமிழ்நாடு உள்ளிட்ட சில மாநிலங்களின் தடைகளைத் தொடர்ந்து, 2019 செப்டம்பரில் அவசரச் சட்டமும் டிசம்பரில் சட்டமும் வந்தன. இ-சிகரெட்டைத் தயாரிப்பது, இறக்குவது, விற்பது, இருப்பு வைப்பது எல்லாம் குற்றம். முதல் முறை விற்றால் ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. இளைஞர்களைக் காக்க என்றார்கள். காக்க வேண்டியதுதான், எனக்கு அதில் மறுப்பு இல்லை. ஆனால் பீடியும் சிகரெட்டும் அதே பெட்டிக்கடையில் தொங்கிக்கொண்டிருக்கின்றன. எந்தப் புகை அந்நியம், எந்தப் புகை நம்முடையது என்ற பிரிப்பும் இதற்குள் இருக்கிறது என்று சந்தேகப்பட இடமுண்டு.

எங்கள் பெரியம்மா பீடி சுற்றினார். திருநெல்வேலி, தென்காசிப் பக்கத்துக் கிராமங்களில் அது பெண்களின் வேலை. மடியில் சுளகு, அதில் இலையும் தூளும், பக்கத்தில் பிள்ளை. 1966இல் வந்த பீடித் தொழிலாளர் சட்டம் வீட்டிலிருந்து சுற்றுகிறவரையும் தொழிலாளி என்று ஒப்புக்கொண்டது, பெரிய விஷயம்தான். ஆனால் 'தொழிலகம்' என்பதை வரையறுத்தபோது தனியார் குடியிருப்பு வீட்டை அதிலிருந்து நீக்கிவிட்டது. காற்றோட்டம், தூசு பற்றிய விதிகள் தொழிலகத்துக்கு உரியவையாக இருந்தன. அந்த வீடு 2003 சட்டத்தின் 'பொது இட'மும் இல்லை. தூள் பறந்த அந்த அறை எந்தச் சட்டத்தின் கண்ணிலும் படாத ஒரு இடமாக இருந்தது.

தாத்தாவுக்கு மரியாதை கொடுத்துத் திண்ணையில் பீடியை அணைத்த பெரியப்பா, மீதியை உள்ளறையில் பற்றவைப்பார். பெரியம்மா அங்கே சுற்றிக்கொண்டிருப்பார், அல்லது கைப்பிள்ளையோடு படுத்திருப்பார். மரியாதை வாசல் பக்கம் போயிற்று, புகை உள்ளே போயிற்று. பெரியம்மா தன் வாழ்நாளில் ஒரு பீடியும் குடித்ததில்லை. கடைசி வருஷங்களில் இருமிக்கொண்டே இருந்தார். "தூசிதான், ஒண்ணுமில்ல" என்பார். "இங்கே குடிக்கட்டுமா?" என்று அவரிடம் யாரும் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

முந்நூறு வருஷத்துப் புகை மரியாதைகள் 'யார் முன்னால்' என்று கேட்டன. சட்டம் 'எங்கே' என்று கேட்டது. புதிய நாசூக்கு 'உங்களுக்குப் பரவாயில்லையா' என்று கேட்கிறது, பதில் சொல்லத் திராணி உள்ளவரைப் பார்த்து மட்டும். எழுந்து போக முடியாதவர் யார் என்று தேடி, அங்கிருந்து தொடங்குகிற ஒரு மரியாதை இன்னும் வரவில்லை.

அந்தக் கல்யாண வீட்டுப் பின்வாசலில், நாங்கள் தாத்தாவின் பேச்சுக்குச் சிரித்துக்கொண்டிருந்தபோது, எச்சில் இலைகளைக் கூடையில் அள்ளிக்கொண்டு ஒரு அம்மா நின்றிருந்தார். மேகம் அவர் பக்கம்தான் போயிற்று. முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு அடுத்த இலையை எடுத்தார். நானும்தான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.