ஒரே சிலுவையில் சார்ஜென்டும் அதிகாரியும்: லூக் ஓகானரின் பதக்கங்கள்

1854க்கு முன் பிரிட்டிஷ் காலாட்படையில் ஒரு சார்ஜென்ட் எவ்வளவு தீரம் காட்டினாலும், அந்தத் தீரத்துக்கென்றே அரசு தரும் பதக்கம் எதுவும் இல்லை. பாத் விருது அதிகாரிகளுக்கு உரியது. அதிலும் மேஜருக்குக் கீழே இறங்காது. கிரீமியப் போர்தான் இந்த ஏற்பாட்டை அசைத்தது. அசைந்த விதத்தைச் சட்டங்களைவிட ஒரு மனிதரின் மார்பில் தெளிவாகப் படிக்கலாம்.

அயர்லாந்தின் ரோஸ்காமன் மாவட்டத்தில் எல்ஃபின் என்ற ஊரில் 1831இல் பிறந்தவர் லூக் ஓகானர். 1849இல் 23ஆம் படைப்பிரிவான ராயல் வெல்ஷ் ஃபியூசிலியர்ஸில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தார். 1854 செப்டம்பர் 20 அன்று, ரஷ்யர்கள் காத்துநின்ற அல்மா ஆற்றங்கரை மேட்டில், கொடிக்குக் காவலாகச் சென்ற சார்ஜென்ட்களில் அவரும் ஒருவர். கொடி ஏந்திய லெப்டினன்ட் ஆன்ஸ்ட்ரதர் சுடப்பட்டு விழுந்தார். அதே வேளையில் ஓகானரின் மார்பிலும் குண்டு பாய்ந்தது. எழுந்து கொடியைப் பறித்தெடுத்தவர், பின்னால் போகச் சொல்லியும் கேளாமல், சண்டை முடியும்வரை கையில் வைத்திருந்தார்.

அந்தக் காலத்தில் காலாட்படையின் கடைநிலை அதிகாரியான என்சைன் பதவிக்கே 450 பவுண்டு விலை. அரசே நிர்ணயித்த விலை. 1871வரை இந்த வியாபாரம் நடந்தது. பணமின்றி வந்த ஓகானருக்கோ அல்மாவின் பலனாக அந்த ஆண்டு நவம்பரிலேயே விலையில்லாமல் பதவி கிடைத்தது. மறு ஆண்டு செப்டம்பர் 8இல், செவஸ்தபோலின் ரெடான் அரண்மீது நடந்த தாக்குதலில், அதிகாரியாகவே இரு தொடைகளிலும் சுடப்பட்டார்.

இங்கேதான் சிக்கல். 1854 டிசம்பரில் சிப்பாய்களுக்கென்று சிறப்பு நடத்தைப் பதக்கம் ஒன்று வந்திருந்தது. அதிகாரிக்கு அது கிடையாது. பாதி சார்ஜென்டாகவும் பாதி அதிகாரியாகவும் போரிட்டவரை எந்தப் பட்டியலில் சேர்ப்பது? 1856 ஜனவரி 29இல் விக்டோரியா மகாராணி கையெழுத்திட்ட ஆணை, பதவி பாராத விக்டோரியா கிராஸை உருவாக்கி, அதைப் போரின் தொடக்கம்வரை பின்னோக்கியும் செல்லச் செய்தது. 1857 பிப்ரவரி 24ஆம் தேதி லண்டன் கெஜட்டில் ஓகானரின் பெயர் வந்தது. அல்மா, ரெடான் இரண்டும் ஒரே குறிப்பில். இரண்டுக்கும் ஒரே வெண்கலச் சிலுவை. வீரத்தைவிட இந்த ஒட்டுப்போடலே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

பதவி பார்க்காத அந்தச் சிலுவை, இந்தியச் சிப்பாயா என்று மட்டும் பார்த்தது. சிப்பாய்க் கிளர்ச்சியின்போது லக்னௌவில் ஓகானரின் பக்கத்தில் நின்று போரிட்ட இந்தியச் சிப்பாய்க்கு அதைப் பெறும் தகுதி இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனி 1837இலேயே தொடங்கிய வேறொரு விருதுதான் அவனுக்கு. இந்தியப் படையினருக்கு விக்டோரியா கிராஸ் திறந்தது 1911இல்.

1873-74 அஷாந்திப் போர், இரண்டாம் பட்டாலியனின் தலைமை, மேஜர் ஜெனரல் தகுதி என்று பின்னாளைய ஏற்றங்கள் வழக்கமானவை. குறிப்பிட வேண்டியது 1913. அந்த ஆண்டு அவருக்குப் பாத் விருதின் நைட் தரம் கிடைத்தது. அல்மாவின் சார்ஜென்டுக்கு எட்டாத அதே விருது. மறு ஆண்டு தன் பழைய படைப்பிரிவின் கர்னலானார். 1915 பிப்ரவரி 1இல் லண்டனில் காலமானார். கானார்வன் கோட்டையிலுள்ள படைப்பிரிவு அருங்காட்சியகத்தில் அவருடைய சிலுவை இருக்கிறது. பதக்கம் அணியும் வரிசைமுறைப்படி, பாத் விருதுக்கு முன்னால் வருவது அந்த வெண்கலம்தான்.