பதினாறு வயதுப் பையன்

அமெரிக்காவில், நியூயார்க் நகருக்குக் கிழக்கே லாங் ஐலண்ட் என்று ஒரு நீண்ட தீவு இருக்கிறது. அங்கே பெல்மோர் என்ற ஊரில், 1965-ஆம் ஆண்டில், சாம் கின்ஸ்பர்க் என்பவரும் அவர் மனைவியும் ஒரு சின்னக் கடை வைத்திருந்தார்கள். காகிதம், பேனா, பத்திரிகைகள் இவற்றோடு மத்தியானச் சிற்றுண்டியும் அங்கே கிடைக்கும். அந்த வருஷம் அக்டோபர் மாதத்தில் பதினாறு வயதுப் பையன் ஒருவன் கடைக்கு வந்து, ஆடை குறைந்த பெண்களின் படங்கள் போட்ட பத்திரிகைகள் இரண்டைக் காசு கொடுத்து வாங்கிக் கொண்டு போனான். சில நாட்கள் கழித்து இன்னொரு தடவையும் அதே வியாபாரம் நடந்தது. கின்ஸ்பர்க் மீது வழக்கு வந்து சேர்ந்தது.

இதில் ஒரு வேடிக்கை. அந்த இரண்டு தடவைகளில் ஒரு தடவை பையனை அனுப்பி வைத்தவர் அவனைப் பெற்ற தாயார்! கடைக்காரரைச் சட்டத்தில் மாட்டி வைப்பதற்காகவே அனுப்பினாராம். சுப்ரீம் கோர்ட்டு நீதிபதி ஏப் ஃபோர்ட்டாஸ் தமது மாறுபட்ட தீர்ப்பில் இதைச் சொல்லிக் குறைப்பட்டிருக்கிறார். நாவல் எழுதுகிறவனுக்குச் சட்டப் புத்தகங்களோடு என்ன உறவு என்று நீங்கள் கேட்கலாம். அந்தத் தாயாரைச் சந்தித்த பிறகு வழக்கைப் பாதியில் விட எனக்கு மனம் வரவில்லை. மகன் கையில் காசைக் கொடுத்தபோது என்ன சொல்லியிருப்பார்? 'வாங்கி வா, ஆனால் பிரித்துப் பார்க்காதே' என்றா? தீர்ப்பு அதைப் பற்றி மூச்சு விடவில்லை.

1968-இல் சுப்ரீம் கோர்ட்டு கின்ஸ்பர்க்குக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பெரியவர்களுக்குத் தாராளமாக விற்கக் கூடிய ஒரு பத்திரிகையைப் பதினேழு வயது நிரம்பாதவருக்கு விற்கக் கூடாது என்று நியூயார்க் மாநிலம் சட்டம் செய்யலாம். அதனால் தீங்கு உண்டு என்பதை விஞ்ஞானபூர்வமாக நிரூபித்துக் காட்ட வேண்டியதில்லை. பெற்றோர் தங்கள் பிள்ளைக்குத் தாங்களே வாங்கிக் கொடுக்க விரும்பினால் சட்டம் குறுக்கே நிற்காது. நீதிபதி பிரெனன் எழுதிய தீர்ப்பின் சாரம் இவ்வளவுதான்.

அதற்குப் பதினோரு வருஷம் முன்பு, 1957-இல், அதே கோர்ட்டு வேறொரு சட்டத்தைத் தள்ளியிருந்தது. மிச்சிகன் மாநிலத்தில் சிறுவர்களைக் கெடுக்கக் கூடிய புத்தகத்தை யாருக்குமே விற்கக் கூடாது என்று விதி இருந்தது. ஒருவர் ஒரு நாவலைப் போலீஸ் அதிகாரிக்கு விற்று அகப்பட்டுக் கொண்டார். பன்றியைச் சுடுவதற்காக வீட்டையே கொளுத்துகிற காரியம் இது என்றார் நீதிபதி ஃபிராங்க்ஃபர்ட்டர். நாம் இதையே மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது என்போம். ஆக, பெரியவர்களைக் குழந்தைகளாக்கக் கூடாது. ஆனால் குழந்தைகளுக்குத் தனியாக ஒரு வேலி போடலாம். இரண்டு தீர்ப்பையும் சேர்த்துப் படித்தால் கிடைப்பது இதுதான்.

இந்த ஏற்பாடு நடைமுறையில் ஓடியதற்குக் காரணம் சட்டமல்ல, கடைக்காரரின் கண். மீசை முளைத்திருக்கிறதா, குரல் உடைந்திருக்கிறதா என்று அவர் ஒரு பார்வை பார்ப்பார். நரைத்த தலையானால் பேசாமல் பத்திரிகையை எடுத்துக் கொடுப்பார். சந்தேகமாயிருந்தால் அடையாளச் சீட்டைக் கேட்டு, பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பார். முக்கியமான விஷயம், சாயங்காலத்துக்குள் அவருக்கு அது மறந்து போகும். அந்த மறதியின் மதிப்பு அப்போது யாருக்கும் தெரியவில்லை. கடையும் இல்லாமல், கடைக்காரரும் இல்லாமல் அதே சரக்கு வீட்டுக்குள் வந்த பிறகுதான் தெரிந்தது.

இணையம் அப்போது குழந்தைப் பருவத்தில் இருந்தது. 1995 ஜூன் மாதம், நெப்ராஸ்கா மாநிலத்து செனட்டர் ஜேம்ஸ் எக்ஸான், இணையத்திலிருந்து எடுத்த ஆபாசப் படங்களை ஒரு நீல நிற உறைக்குள் கோத்துக் கொண்டு செனட் சபைக்கு வந்தார். சக உறுப்பினர்களைத் தம் மேஜைக்கு வந்து பார்த்துவிட்டுப் போகும்படி அழைத்தார். கனவான்கள் ஒவ்வொருவராக வந்து, புரட்டிப் பார்த்து, முகம் சுளித்துத் திரும்பிய காட்சியை எண்ணிப் பாருங்கள். பிறகு வாக்கெடுப்பு. 84 பேர் ஆதரவு, 16 பேர் எதிர்ப்பு.

அடுத்த மாதம் 'டைம்' பத்திரிகை, கம்ப்யூட்டர் வெளிச்சத்தில் திகைத்து நிற்கும் ஒரு குழந்தையின் முகத்தை அட்டையில் போட்டது. இணையத்தின் ஒரு பகுதியில் உள்ள படங்களில் நூற்றுக்கு 83.5 ஆபாசம் என்று ஓர் ஆராய்ச்சியை ஆதாரம் காட்டியது. ஆராய்ச்சி செய்தவர் ஒரு கல்லூரி மாணவர். அறிஞர்கள் அதைப் பிய்த்து உதறினார்கள். சில வாரங்களில் பத்திரிகையே அதன் குறைகளைப் பிரசுரிக்க நேர்ந்தது. அதற்குள் அந்தக் கணக்கு ஊரெல்லாம் சுற்றி வந்துவிட்டது.

1996 பிப்ரவரி 8-ஆம் தேதி ஜனாதிபதி கிளின்டன் கையெழுத்திட்டார். பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர் கண்ணில் படும்படி 'அநாகரிகமானது' எதையும் இணையத்தில் வைப்பவருக்கு இரண்டு வருஷம் வரை சிறை. அநாகரிகம் என்றால் என்ன? அதைச் சட்டம் தெளிவாகச் சொல்லவில்லை. சிவில் உரிமைச் சங்கத்தாரும் நூலகச் சங்கத்தாரும் கோர்ட்டுக்குப் போனார்கள். குழந்தைக்கு எதை வேண்டுமானாலும் காட்டலாம் என்று அவர்கள் வாதாடவில்லை. அப்படி யாராவது வாதாடினால் எனக்கு அவர்களிடம் அனுதாபம் கிடையாது. குழந்தை எது, பெரியவர் எது என்று கம்பியின் மறு முனையில் இருப்பவனுக்கு எப்படித் தெரியும் என்றுதான் கேட்டார்கள். பிலடெல்பியாவில் வழக்கைக் கேட்ட மூன்று நீதிபதிகளுக்காகக் கோர்ட்டிலேயே கம்ப்யூட்டர் வைத்து இணையம் என்றால் என்ன என்று காட்ட வேண்டியிருந்தது.

1997 ஜூன் 26-இல் சுப்ரீம் கோர்ட்டு அந்தத் தடையைத் தள்ளியது. தீர்ப்பை எழுதிய ஸ்டீவன்ஸுக்கு அப்போது வயது 77. கல்லூரியில் படிக்கும் பதினேழு வயது மகளுக்கோ மகனுக்கோ கர்ப்பத்தடை பற்றிய விவரத்தை மின்னஞ்சலில் அனுப்பும் பெற்றோர்கூட இந்தச் சட்டப்படி சிறைக்குப் போகலாமே என்று கிழவர் கேட்டார். பெல்மோர்த் தாயாரை நினைத்துக் கொண்டேன். அவர் செய்தது சட்டத்துக்கு உதவி. இந்தக் கற்பனைப் பெற்றோர் செய்வது குற்றம்! நீதிபதி ஓகானர் தனியாக எழுதிய அபிப்பிராயம் இன்னும் நுட்பமானது. வெளியுலகத்தில் வாசலில் நிற்கிற ஆள் வருகிறவனின் வயதைப் பார்க்க முடிகிறது. இணையத்தில் அப்படி ஒரு வாசல் இன்னும் வரவில்லை, வரலாம் என்றார்.

1998-இல் காங்கிரஸ் மறுபடியும் ஒரு சட்டம் போட்டது. இந்தத் தடவை வியாபாரத் தலங்களுக்கு மட்டும். அது ஒரு நாள்கூட அமலுக்கு வரவில்லை. பத்து வருஷம் கோர்ட்டு வாசலில் கிடந்து, 2009-இல் ஓய்ந்தது. பெற்றோரே வீட்டுக் கம்ப்யூட்டரில் வடிகட்டி போட்டுக் கொள்ளலாமே என்பது 2004-இல் ஐந்து நீதிபதிகள் சொன்ன யோசனை. கம்ப்யூட்டரைக் கூடத்தில் வையுங்கள் என்றும் அந்த நாளில் பெற்றோருக்குப் புத்திமதி சொன்னார்கள். நல்ல யோசனைதான். ஆனால் கம்ப்யூட்டர் கூடத்திலேயே இருக்கச் சம்மதிக்கவில்லை. கைபேசியாகச் சுருங்கிப் பையனின் சட்டைப் பையில் ஏறி, அவனோடு படுக்கைக்கும் போய்விட்டது.

2023 ஜனவரியில் லூயிசியானா மாநிலம், ஆபாசத் தலங்கள் வயதைச் சரிபார்த்தே உள்ளே விட வேண்டும் என்ற சட்டத்தை அமலுக்குக் கொண்டு வந்தது. டெக்ஸாஸும் அதே ஆண்டில் ஒன்று செய்தது. ஒரு தலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அத்தகைய சரக்கு இருந்தால் சட்டம் பாயும். 2025 ஜூன் 27-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு, ஆறுக்கு மூன்று என்ற கணக்கில், டெக்ஸாஸ் சட்டம் செல்லும் என்றது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் 28 வருஷம், ஒரு நாள். எழுதியவர் நீதிபதி தாமஸ். 1997-இலும் 2004-இலும் தடையைத் தள்ளிய தரப்பில் இருந்தவர் அவரே! அமெரிக்க இளைஞர்களில் நூற்றுக்கு 95 பேர் கையில் கைபேசி வந்துவிட்ட காலத்தைப் பழைய தீர்ப்புகள் கண்டதில்லை என்பது அவர் சமாதானம். மாறுபட்ட நீதிபதி கேகன்கூடக் குழந்தைகளைக் காப்பது அரசின் கடமை என்பதை மறுக்கவில்லை. வாசல்காவலனிடம் சீட்டைக் காட்டிவிட்டுப் போவதும், இன்னார் இன்னதைப் பார்க்க வந்தார் என்ற விவரத்தைக் கண் காணாத ஒரு கம்பெனியிடம் ஒப்படைப்பதும் ஒன்றல்ல என்றார்.

பிரிட்டன் கதையை இரண்டு வரியில் சொல்லலாம். 2017-இல் சட்டம் செய்தார்கள். 2019-இல் அமலாக வேண்டிய தருணத்தில், ஐரோப்பியக் கமிஷனுக்கு முறைப்படி அனுப்ப வேண்டிய அறிவிப்பை அனுப்பவில்லை என்று கண்டுபிடித்துத் தள்ளிப் போட்டார்கள். அப்புறம் கைவிட்டே விட்டார்கள். வேறொரு சட்டத்தின் கீழ் 2025 ஜூலை 25-இல்தான் வயதுச் சோதனை கட்டாயமாயிற்று.

வேலி வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பத்து வயதுக் குழந்தை தடுக்கி விழுகிற இடத்தில் இத்தனை வருஷம் வேலி இல்லாமல் இருந்ததே அநியாயம். என் பயமெல்லாம் வாசலில் திறந்து வைத்திருக்கும் பேரேட்டைப் பற்றித்தான். 2025 அக்டோபரில் டிஸ்கார்ட் என்ற அரட்டை நிறுவனம், வயது பற்றிய முறையீடுகளுக்காக வாங்கிய அரசாங்க அடையாளச் சீட்டுப் படங்கள், சுமார் 70,000 பேருடையவை, வெளியார் கையில் சிக்கியிருக்கலாம் என்று அறிவித்தது. அது ஆபாசத் தலமல்ல. ஆபாசத் தலமாக இருந்திருந்தால் அந்த 70,000 வீடுகளில் என்ன நடந்திருக்கும்!

டெக்ஸாஸ்காரர்களுக்கு இது தெரியாமலில்லை. வயதைப் பார்த்த பிறகு விவரத்தை வைத்துக் கொண்டால் ஒவ்வொரு தடவைக்கும் 10,000 டாலர் வரை அபராதம் என்று அதே சட்டத்தில் எழுதியிருக்கிறார்கள். கடைக்காரரின் மறதியைச் சட்டமாக்கப் பார்த்திருக்கிறார்கள். வழக்குப் போட வேண்டியவர் மாநில அட்டர்னி ஜெனரல். ஆனால் கம்பெனி அழித்ததா, அழிக்கவில்லையா என்பது அவருக்கு எப்படித் தெரிய வரும்? பெரும்பாலும் ஏடு திருட்டுப் போன பிறகு, நமக்குத் தெரிய வருகிற அதே காலைப் பத்திரிகையில்தான்.