பின்லாந்தின் செலினிய உரமும் மறைபசியும் (1984–2007)

வயிறு நிறைய உண்டும் உடலுக்கு வேண்டிய நுண்சத்துகள் கிட்டாத நிலை மறைபசி எனப்படுகிறது. அதனை உரத்தின் வழியே நீக்க முயன்ற நாடுகளுள் பின்லாந்து தனித்து நோக்கத்தக்கது. அந்நாட்டு மண்ணில் செலினியம் அறவே இல்லாமற் போகவில்லை. அமிலத்தன்மையும் இரும்பு ஆக்சைடுகளும் மிக்க மண் அதனை இறுகப் பற்றிக்கொண்டமையால் பயிரின் வேருக்கு அது எட்டவில்லை.

இக்குறையை முதலில் காட்டியவை கால்நடைகளே. கன்றுகளையும் ஆட்டுக்குட்டிகளையும் தாக்கிய வெண்தசை நோயைத் தடுக்க, 1969 முதல் ஆலைத் தீவனங்களில் செலினியம் சேர்க்கப்பட்டது. தொழுவம் பெற்ற கவனத்தை மக்களின் உணவு பெறுவதற்கு மேலும் பதினைந்து ஆண்டுகள் ஆயின. சீனாவின் கெஷான் இதயத்தசை நோய்க்கும் செலினியக் குறைவுக்கும் உள்ள தொடர்பு 1979இல் உலகறிந்தது. இதயநோய் இறப்பு மிகுந்திருந்த பின்லாந்தில் இது கவலையை வளர்த்தது. 1984இல் வேளாண்மை, வனத்துறை அமைச்சகம் கலப்பு உரங்களில் சோடியம் செலினேட் சேர்க்க முடிவெடுத்தது.

இம்முடிவின் தன்மையைத் துத்தநாக உரத்தோடு ஒப்பிட்டு உணரலாம். துத்தநாகம் பயிருக்கே இன்றியமையாதது. 1990களில் துருக்கியின் நடு அனத்தோலியக் கோதுமை உழவர் அவ்வுரத்தை ஏற்றதற்கு விளைச்சல் பெருகியதே முதற்காரணம். மணியில் சத்துக் கூடியது உடன்விளைவு. செலினியமோ கோதுமை, பார்லி முதலிய பயிர்களுக்கு இன்றியமையாத ஊட்டமென நிறுவப்படவில்லை. அதனை இடுவதால் உழவருக்கு ஒரு மூட்டைகூடக் கூடுதலாகக் கிடைக்காது. உழவரின் விருப்பத்துக்கு விட்டிருந்தால் இத்திட்டம் நிலைத்திருக்காது எனலாம். ஆலையிலேயே கலந்துவிட்டமையால் உழவர் வழக்கமான உரத்தை இடுவதே போதுமானதாயிற்று.

தொடக்கத்தில் தானியப் பயிர் உரத்தில் கிலோவுக்கு 16 மில்லிகிராமும், தீவனப் பயிர் உரத்தில் 6 மில்லிகிராமும் சேர்க்கப்பட்டன. வேனிற்கோதுமையின் செலினிய அளவு பத்து மடங்குக்கும் மேல் உயர்ந்தது. 1980களின் நடுவில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 40 மைக்ரோகிராமாக இருந்த மக்களின் நுகர்வு, சில ஆண்டுகளில் 100 மைக்ரோகிராமைக் கடந்தது. செலினியத்தில் தேவைக்கும் நஞ்சுக்கும் இடைவெளி குறுகியது. எனவே 1990இல் எல்லா உரங்களுக்கும் 6 மில்லிகிராம் என அளவு குறைக்கப்பட்டது. நுகர்வு சரிந்தபின் 1998இல் 10 மில்லிகிராமாகவும் 2007இல் 15 மில்லிகிராமாகவும் உயர்த்தப்பட்டது. மண், தானியம், பால், மனிதக் குருதி ஆகியவற்றைத் தொடர்ந்து அளந்து வந்ததாலேயே இத்திருத்தங்கள் இயன்றன.

இதயநோய் இறப்பு குறைந்ததைச் செலினியத்தின் வெற்றியாகக் கூறுவது பொருந்தாது. உரத்திட்டத்துக்கு முன்பே, 1970களிலேயே, அக்குறைவு தொடங்கிவிட்டது. உறுதியாகக் கூறத்தக்கது உணவில் செலினியம் உயர்ந்தமை மட்டுமே. அவ்வுயர்வும் செலினிய உரம் இட்ட வயல்களோடு நின்றது. அதனை இடாத இயற்கை வேளாண்மைத் தானியங்களில் செலினியம் குறைவாகவே காணப்படுகிறது.