லினக்ஸ் நிர்வாகிகளுக்கான தொழிற்சான்றிதழ்கள்

லினக்ஸ் சர்வர்களை நிறுவி, பராமரித்து, பாதுகாக்கும் நிர்வாகிகளின் திறமையைத் தேர்வு வைத்து உறுதிசெய்பவை லினக்ஸ் தொழிற்சான்றிதழ்கள். மருத்துவருக்கும் வழக்கறிஞருக்கும் இருப்பதுபோல இத்தொழிலுக்குப் பொதுவான உரிமம் எதுவும் கிடையாது. சான்றிதழ் இல்லாமலே வாழ்நாள் முழுதும் சர்வர்களைக் கட்டி மேய்ப்பவர்கள் ஏராளம். ஆகவே ஒரு சான்றிதழின் மதிப்பு, அதன் தேர்வு எதைச் சோதிக்கிறது என்பதைப் பொறுத்தது.

இந்தக் கேள்வி லினக்ஸ் சான்றிதழ்களுக்கு முன்பே எழுந்தது. 1990களின் இறுதியில் மைக்ரோசாஃப்ட்டின் எம்.சி.எஸ்.இ. சான்றிதழ் பெற்றோர் பெருகினர். விடைகளை மனப்பாடம் செய்து தேறிவிட்டு, சர்வர் முன் அமர்ந்ததும் கை ஓடாமல் நின்றவர்களுக்குக் ‘காகித எம்.சி.எஸ்.இ.’ என்ற கேலிப்பெயர் ஏற்பட்டது.

1999இல் லினக்ஸ் உலகில் இரு வேறு வழிகள் பிறந்தன. ஒன்று, கனடாவில் இலாப நோக்கின்றித் தொடங்கப்பட்ட லினக்ஸ் புரொஃபெஷனல் இன்ஸ்டிடியூட். எந்த ஒரு நிறுவனத்தின் லினக்ஸ் பதிப்பையும் சாராத அதன் முதல்நிலைச் சான்றிதழான எல்பிஐசி-1 பெற இரண்டு தேர்வுகள் எழுத வேண்டும். ஒவ்வொன்றிலும் 90 நிமிடங்களில் 60 வினாக்கள். பெரும்பாலானவை விடையைத் தேர்ந்தெடுப்பவை, சில கமாண்டைத் தட்டச்சு செய்பவை. சான்றிதழ் 5 ஆண்டுகள் செல்லும்.

மற்றொன்று ரெட் ஹேட் நிறுவனத்தின் ஆர்.எச்.சி.இ. சான்றிதழ். இதன் தேர்வில் வினாத்தாளே இல்லை. தேர்வரிடம் இயங்கும் கணினிகளும் செய்ய வேண்டிய பணிகளின் பட்டியலும் தரப்படும். இணையம் கிடையாது, கணினியிலேயே இருக்கும் கையேட்டுப் பக்கங்களைப் புரட்டலாம். 2010இல் வந்த அடிப்படைச் சான்றிதழான ஆர்.எச்.சி.எஸ்.ஏ.வும் இதே முறையிலானது. முழு அதிகாரமுள்ள ரூட் கணக்குக்குள் நுழைய வழியில்லாத கணினியைத் திறப்பது, டிஸ்க்கைப் பிரித்து இணைப்பது, பயனர் கணக்குகளை உருவாக்குவது, ஃபயர்வாலை அமைப்பது எல்லாம் அதில் வரும். 300க்கு 210 மதிப்பெண் தேவை.

இத்தேர்வின் உயிர்நாடி ஒரே ஒரு விதி: செய்த மாற்றங்கள் யாவும் கணினியை ரீபூட் செய்த பின்னும், யாரும் கை வைக்காமல் நிலைத்திருக்க வேண்டும். டிஸ்க் இணைப்புக் கோப்பில் ஒரு வரி பிசகினால் கணினி எழுந்தே வராமல் போகலாம். அப்போது மற்ற வேலைகளைச் சரியாகச் செய்திருந்தும் பயனில்லை. கடுமையான விதிதான், ஆனால் மின்சாரம் போய்வந்த சர்வரும் நிர்வாகிக்கு இதைவிடச் சலுகை காட்டுவதில்லை.

இந்தச் செய்முறைத் தேர்வுக்கும் குறை உண்டு. அது ஒரே நிறுவனத்தின் மென்பொருளோடு பிணைந்தது. அந்த மென்பொருள் மாறினால் பாடத்திட்டமும் மாறும். ரெட் ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸின் 8ஆம் பதிப்புக்குப் பின் ஆர்.எச்.சி.இ. தேர்வு, ஆன்சிபிள் என்னும் மென்பொருளைக் கொண்டு பல சர்வர்களைத் தானியக்கமாக நிர்வகிப்பதைச் சோதிப்பதாக மாறிவிட்டது. சான்றிதழும் 3 ஆண்டுகளே செல்லும்.

சான்றளிக்கும் அமைப்புகளுக்கும் ஒரு தரநிலை உண்டு: 2003இல் வெளியாகி 2012இல் திருத்தப்பட்ட ஐ.எஸ்.ஓ./ஐ.இ.சி. 17024. தேர்வு நடத்துவதில் பாரபட்சமின்மை, சான்றிதழைப் புதுப்பிக்கும் முறை முதலியவற்றை அது வரையறுக்கிறது.