கடல் கடந்து வந்த கிழங்கும் பழைய நோன்பும்

சிதறால் திருச்சாணத்து மலைமேல் நின்று நோக்கினால் கீழே தென்னையும் ரப்பரும் மரச்சீனியும் பரந்து கிடக்கும். ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டில் குணந்தாங்கிக் குரத்தியார் பட்டாரியாருக்குப் பொன் அணிகள் அளித்ததை அம்மலைக் கல்வெட்டு கூறுகிறது. அது பல நூற்றாண்டுகளுக்கு முந்தைய காலம். அவ்வம்மையார் கண்ட நிலத்தில் ரப்பரும் மரச்சீனியும் இல்லை.

1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டை அடைந்தார். 1500இல் கப்ரால் பிரேசில் கரையைத் தொட்டு, அதே பயணத்தில் கோழிக்கோடும் வந்தார். அவ்வழி திறந்தபின் கொல்லாமரமும் அன்னாசியும் பப்பாளியும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து நம் கரையேறின. மிளகை அறிந்த மக்கள், அதுபோல் உறைத்த புதிய காய்க்கு மிளகாய் என்றே பெயரிட்டனர். நாகர்கோவில் நாகராஜர் கோயிலின் 16ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகள் குணவீர பண்டிதர், கமலவாகன பண்டிதர் என்னும் சமணச் சான்றோரைக் குறிக்கின்றன. அப்பயிர்கள் நம் கரையேறிய காலத்திலும் இந்நாட்டில் சமணச் சான்றோர் இருந்தனர்.

கப்பல்கள் நன்மையை மட்டும் சுமக்கவில்லை. அவற்றில் சென்ற பெரியம்மை அமெரிக்கத் தொல்குடிகளைப் பெருந்தொகையாய் மாய்த்தது. கண்ணுக்குப் புலனாகா உயிர்களும் கடல் கடந்தன.

மரச்சீனியும் பிரேசில் நாட்டுப் பயிரே. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா அதன் சாகுபடியைப் பெரிதும் ஊக்குவித்தார். 1942இல் பர்மா ஜப்பானியர் வசமாகி அரிசி வரத்து நின்றபோது, தென் திருவிதாங்கூர் ஏழைகளின் அடுப்பில் வெந்தது இக்கிழங்கே.

சமந்தபத்திரர் தம் இரத்தினகரண்ட சிராவகாசாரத்தில் முள்ளங்கியையும் பச்சை இஞ்சியையும் விலக்கினார். பயன் சிறிது, உயிர்க்கேடு பெரிது என்பதே அவர் காட்டிய காரணம். மரச்சீனியை அவர் அறியார். ஆயினும் அக்காரணம் அதற்கும் பொருந்தும். தண்டை நட்டு வளர்க்கும் அச்செடியை வேரோடு பிடுங்கினால்தான் கிழங்கு கிடைக்கும். ஆதலின் நோன்புடையோர் அதனை விலக்குவர்.

அவ்விலக்கு நம் நாவுக்கு நாமே இடும் கட்டு; பசித்தவன் இலையில் இருப்பதைப் பழிக்கும் உரிமையன்று. பஞ்சத்தில் ஒருயிரைக் காத்த கிழங்கையும், பிற உயிர்க்கிரங்கி அதனைத் துறந்த நோன்பையும் ஒருங்கே மதிப்பதே அருளறம்.