சிறை யாரைத் திருத்தியது?

வடக்கனந்தலிலும் கல்வராயன் மலையடிவாரத்துக் காலனிகளிலும் நாங்கள் அடிக்கடி எதிர்கொள்ளும் கேள்வி இது: "பொண்டாட்டிய அடிக்கிறவன உள்ள தூக்கிப் போட்டா திருந்திடுவானா?" கேட்பவர் பெரும்பாலும் அடிபட்ட பெண்ணின் தாய். அவருக்கு ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியாது. 'திருத்தம்' என்ற சொல்லுக்கே நம் மண்ணில் ஒரு வரலாறு இருக்கிறது.

இந்தியச் சிறைகள் திருத்துவதற்காகக் கட்டப்பட்டவை அல்ல. மெக்காலே இடம்பெற்ற குழு 1838இல் தந்த அறிக்கை, கைதிக்குக் கல்வியும் போதனையும் வேண்டாம், கடும் உழைப்பும் அச்சமும் போதும் என்றது. திருத்துவதும் சிறையின் நோக்கம் என்று 1919-20 சிறைக் குழுதான் அழுத்தமாகச் சொன்னது. அதே காலத்தில் குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ் முழுச் சமூகங்களையே 'சீர்திருத்தக் குடியிருப்பு'களில் அடைத்தார்கள். பல மாநிலச் சிறை விதிகளில், யார் சமைப்பது, யார் கழிவறை கழுவுவது என்பதைச் சாதி தீர்மானித்தது. அந்த விதிகளை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது 2024 அக்டோபர் 3 அன்றுதான்.

எனவே சிறை மனிதரைத் திருத்தும் என்று நம்மால் எளிதில் நம்ப முடிவதில்லை. அந்த அவநம்பிக்கை நியாயமானது. ஆனால் அதை அடிப்பவனுக்குக் கேடயமாக நீட்டக் கூடாது.

மனைவியைக் கொடுமைப்படுத்துவதைத் தனிக் குற்றமாக்கிய 498ஏ பிரிவு 1983இல் வந்தது. 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம், பாதுகாப்பு உத்தரவையும் வீட்டிலேயே தங்கும் உரிமையையும் பெண்ணுக்குத் தந்தது. அடித்தவனை ஆலோசனைக்கு அனுப்பவும் நடுவருக்கு அதிகாரம் உண்டு. ஆனால் சிறைக்குள் நடப்பது என்ன? நம் நாட்டுக் கைதிகளில் நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். பல வாரம் நடக்க வேண்டிய பயிற்சி, சில நாளில் ஜாமீனில் வருபவனை எப்படிச் சேரும்? தையலும் ரொட்டி சுடுவதும் பெட்ரோல் பங்க் வேலையும் பிழைப்புக்கு உதவும். கை ஓங்காதே என்று அவை சொல்லித் தருவதில்லை.

அமெரிக்காவில் இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். 1981-82இல் மினியாபொலிஸ் நகரில் நடந்த ஆய்வு, கைது செய்தால் மறுபடி அடிப்பது குறைகிறது என்றது. பின்னர் மில்வாக்கியில் செய்தபோது, வேலையில் இருந்தவர்களிடம் குறைந்தது, வேலையற்றவர்களிடம் கூடியது. அடிப்பவர்களுக்கான பயிற்சி வகுப்புகள் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2004இல் வெளியான கட்டுரை, கைதோடு வகுப்பும் சேர்ந்தால் நூற்றுக்கு ஐந்து அளவில்தான் கூடுதல் பலன் என்றது. அவையும் பெரும்பாலும் சிறைக்கு வெளியே, நீதிமன்றக் கண்காணிப்பில் நடந்த வகுப்புகள்.

ஐந்து என்பது சிறிய எண். அந்த ஐந்தில் ஒருத்தி நம் அக்காவாக இருக்கலாம். அதனால் வகுப்பு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. வகுப்பை நம்பி அவளைப் பழைய வீட்டுக்கே அனுப்பிவிடாதீர்கள் என்கிறோம்.

"சாராயம்தான் காரணம்" என்பார்கள். சாராயம் கொல்லும் என்பதை 2024 ஜூனில் கருணாபுரம் காட்டியது. கள்ளக்குறிச்சி மாவட்டமே அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களை இழந்தது. ஆனால் குடித்தவன் கூலி குறைத்த முதலாளியை அடிப்பதில்லை, சாதி சொல்லித் திட்டியவனை அடிப்பதில்லை. வீட்டுக்கு வந்து மனைவியைத்தான் அடிக்கிறான். யாரை அடிக்கலாம் என்ற கணக்குப் போதையிலும் தப்புவதில்லை. அந்தக் கணக்கை மாற்றாத எந்தத் திட்டமும் திருத்தம் ஆகாது.

1942இல் நாக்பூரில் ஒடுக்கப்பட்ட பெண்களின் மாநாட்டில், மனைவி கணவனுக்குச் சமமான தோழியாக நிற்க வேண்டும், அடிமையாக அல்ல என்று அண்ணல் அம்பேத்கர் வலியுறுத்தினார். சேரிக்கு வெளியே சமத்துவம் கேட்கும் நமக்கு, வீட்டுக்குள்ளும் அது பொருந்தும்.

தோழர்களே, அடுத்த முறை தெருப் பஞ்சாயத்தில் "சமாதானமாப் போங்க" என்று சொல்லப்படும்போது எழுந்து நில்லுங்கள். அந்தப் பெண்ணை மாவட்டப் பாதுகாப்பு அலுவலரிடம் அழைத்துச் செல்லுங்கள். 181 எண்ணைச் சொல்லிக் கொடுங்கள். அவன் திருந்துவானா என்று பிறகு பார்ப்போம். அவள் இன்றிரவு எங்கே தூங்குவாள் என்பதை முதலில் கேட்போம்.